வீட்டுக்கு நடுவே வெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மேசையில் தாளை விரித்ததும் வந்தவர்களின் விரல் பெரும்பாலும் அதன் நடுவில்தான் வந்து நிற்கும். “இது என்ன இடம் அண்ணாச்சி?” என்பார்கள். “வெளி” என்பேன். “சும்மாவா விட்டிருக்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். அங்கிருந்து தொடங்கும் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வெறுமை, வெற்றிடம், வெளி எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகப் புழங்கலாம். கட்டடத்தில் மூன்றும் வேறு. ஆள் போன வீட்டில் இருப்பது வெறுமை. ஜன்னல் இல்லாமல், யாரும் நுழையாமல், மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிக் கிடப்பது வெற்றிடம். வெளி என்று நான் சொல்வது, நாலு பக்கமும் ஏதாவது ஒன்று வரம்பாக நிற்க, நடுவில் காற்றும் வெளிச்சமும் ஆளும் வந்துபோக வேண்டுமென்று நினைத்து விட்ட இடத்தை. வரம்பு சுவராக இருக்கலாம், தூண் வரிசையாக இருக்கலாம், ஒரு வேப்பமரத்தின் நிழலாகக்கூட இருக்கலாம்.

ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர் கண்ணில் படுவது தடித்த மண் விளிம்பு. அதை வனைந்தவருக்கு வேண்டியிருந்தது உள்ளே இருக்கும் இடம். இறந்த மனிதரை வைப்பதற்கான இடம். உள் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் மண்ணின் கனத்தை அவர் முடிவு செய்திருக்க முடியும். வீட்டையும் அப்படித்தான் வரைய வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் சுவரை முதலில் வரைகிறோம், மிஞ்சியதை வராந்தா என்கிறோம். ‘வீடு’ என்ற சொல்லே ‘விடு’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

நடுவில் இடம் விட்டால் அத்தனை சதுர அடியும் வீண்தானே?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் மனை ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதில் எட்டுக்குப் பத்து என்று ஒரு முற்றம் விட்டால் 80 சதுர அடி. மனையில் நூற்றுக்கு ஆறு பங்கு. ஒரு சிறிய படுக்கையறை அளவுகூட இல்லை. அந்த இடத்துக்குக் கூரை இல்லை, ஆகவே கூரைச் செலவும் இல்லை. சுற்றி வரும் சுவருக்கும் மேலே போடும் கம்பி வலைக்கும் செலவு உண்டு; அதை மறைக்க மாட்டேன்.

அந்த ஆறு பங்கு என்ன செய்கிறது? பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டு புறமும் ஒட்டி நிற்கும் மனையில் ஜன்னல் வைக்க முன்னும் பின்னும் மட்டுமே இடம் இருக்கும். நடு அறைகள் பகலிலேயே இருண்டு போகும். முற்றம் இருந்தால் அந்த அறைகளுக்கு உள்ளேயே ஒரு வெளிப்பக்கம் கிடைத்துவிடுகிறது. சூடான காற்று லேசானது. மேலே போக வழி இருந்தால் போய்விடும். அது போன இடத்தை நிரப்பத் தெருப்பக்கத்திலிருந்தும் புறவாசலிலிருந்தும் காற்று உள்ளே வரும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை நம் ஊரில் மேல்காற்று அடிக்கிறது. மலையில் சாரலாக இறங்கியது போக, நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டும்தான். அந்தக் காற்று ஒரு வீட்டின் மேற்கு ஜன்னலில் நுழைந்து, வெளியேற வழி இல்லையென்றால், ஜன்னலோடு நின்றுவிடும். காற்று வர ஒரு வாசல் போதாது, போகவும் ஒரு வாசல் வேண்டும். கொத்தனார்களில் மூத்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இதைக் கணக்கில் எழுத முடியாது. வீட்டில் பெண் சமைந்தாலும், மாப்பிள்ளை வந்தாலும், பெரியவர் கண்மூடினாலும் நாற்பது பேர் ஓர் இடத்தில் கூட வேண்டியிருக்கிறது. சோபாவும் டைனிங் டேபிளும் நிறைந்த வீட்டில் அந்த நாற்பது பேரும் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். துக்க வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் என் கண் இதைத்தான் பார்க்கிறது. உடலை நடுவீட்டில் வைக்க இடமில்லாமல் கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஐந்து அறைகள் இருந்தன.

முற்றம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சூரியனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் உச்சிச் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் எந்தச் சுவருக்கும் நிழல் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வடநாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பத்தடி உயரச் சுவர் நண்பகலில் ஆறடிக்கு மேல் நிழல் தரும்.

ஆகவே ஒற்றை மாடி வீட்டுக்கு எட்டடி அகலம் போதும். இரண்டு மாடி எழும்பினால் பத்தடியாவது வேண்டும், இல்லையென்றால் கீழ்த்தளத்துக்குக் கிணற்று வெளிச்சம்தான் கிடைக்கும். பதினைந்து, இருபது அடி என்று அகலமாக விட்டால் சுற்றித் தாழ்வாரம் இறக்கியே ஆக வேண்டும். தாழ்வாரம் இல்லாத அகல முற்றம் சித்திரையில் அடுப்பாகிவிடும்.

சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுதானே?

இந்த ஒரு நினைப்பால் நம் ஊர் வீடுகளின் முகப்பு கெட்டுப்போய்விட்டது என்பது என் வருத்தம். இடது பக்கம் ஒரு வளைவு வைத்தால் வலது பக்கமும் ஒரு வளைவு, அதற்குப் பின்னால் கழிப்பறை இருந்தாலும் சரி.

முன்பு தோட்டங்களில் கிணற்று நீர் இறைக்க ஏற்றம் இருந்தது. ஒரு பக்கம் கட்டையான தண்டு, நுனியில் பெரிய கல். மறுபக்கம் நீண்ட மூங்கில், நுனியில் சால். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லவே இல்லை, ஆனால் ஒரு ஆள் கையால் இழுத்துவிடும் அளவுக்கு நிறை சரியாக நிற்கும். கட்டடத்திலும் கனமானதும் குட்டையானதும் ஒரு பக்கம் இருக்கலாம், லேசானதும் நீண்டதும் மறுபக்கம் இருக்கலாம். வாசலுக்கு இடது பக்கம் கல் திண்ணை, வலது பக்கம் ஒரு வேம்பும் அதைச் சுற்றி எதுவும் கட்டாத தரையும் என்று ஒரு வீடு வரைந்தேன். திண்ணையின் கனத்தை அந்த வெற்றுத் தரை தாங்குகிறது. மரத்தை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு திண்ணை போட்டுப் பாருங்கள், வீடு மூச்சு முட்டிப்போகும்.

நெல்லையப்பர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி கோயில் ஒன்று, காந்திமதியம்மன் கோயில் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிப் பிராகாரம். சுவாமி கோயில் பெரியது. அம்மன் கோயிலை அதன் அளவுக்கு நீட்டிச் சமம் செய்ய யாரும் முயலவில்லை. 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இரண்டையும் இணைக்கிறது. அது நீண்ட நடைதான், உள்ளே பெரிதாக எதுவும் இல்லை, நடப்பதற்கான இடம். ஆனால் சுவாமி சந்நிதியிலிருந்து அம்மன் சந்நிதிக்கு நடந்து போகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் இரண்டு கோயில்களும் ஒரே கோயிலாகின்றன. 1756-ல் நந்தவனமும் அமைத்தார்கள். கல்லாகவே அடுக்கிக்கொண்டு போன இடத்தில் பூச்செடிக்கு என்று மண்ணை விட்டுவைத்த மனதை நான் வணங்குகிறேன்.

சமநிலை அழகுக்கா, உறுதிக்கா?

இரண்டையும் பிரிக்க முடியாது. தாமிரபரணியில் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைப் படித்துறையில் இறங்கி நின்று பாருங்கள். பதினொரு வளைவுகள். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளுகிறது, அது திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுள்ளில்தான் பாலம் நிற்கிறது. நடுவில் தண்ணீர் போக இடம் கிடைக்கிறது. வெளியும் சமநிலையும் ஒரே கட்டுமானத்தில் இருப்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை.

சும்மா இடம் விட்டால் அங்கே சாமான் சேர்ந்துவிடுகிறதே?

சேரும். இதற்குப் பதில் பழைய வீட்டில் இருக்கிறது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே போனால் ஓர் இருட்டறை இருக்கும், அரங்கு என்று. நெல், புளி, பித்தளை அண்டா, கல்யாணப் பாத்திரம், ஜமுக்காளம், பத்திரப் பெட்டி எல்லாம் அங்கே. ஜன்னல் கிடையாது. அரங்கு அத்தனையையும் விழுங்கிக்கொண்டதால்தான் பட்டாசல் காலியாகக் கிடந்தது. இரவில் பாய் விரித்தால் படுக்கையறை, காலையில் சுருட்டிவிட்டால் கூடம், இலை போட்டால் பந்தி. ஒரே இடத்துக்கு மூன்று வேலை.

நாம் அரங்கை ஒழித்துவிட்டு, பட்டாசலை ஹாலாக்கி, அரங்கில் இருக்க வேண்டியதை எல்லா அறையிலும் பரப்பிவிட்டோம். ஒவ்வொரு அறையிலும் ஒரு பீரோ, ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஓர் அட்டைப்பெட்டி. வெளி வேண்டுமென்றால் அடர்த்தியான ஓர் இடமும் வேண்டும். நான் இப்போது முற்றம் வரையும் ஒவ்வொரு வீட்டிலும் அடுக்களைக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறையைத் தரையிலிருந்து கூரை வரை தட்டு அடித்துக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் அதை ஸ்டோர் ரூம் என்கிறார்கள். அவர்களுடைய ஆச்சி வந்து பார்த்தால் அரங்கு என்றே சொல்வார்.

சிற்பத்தால் நிறைத்துக் கோயில் கட்டியவர்கள் நாம். வெளி எப்போது நம்முடைய கலையாக இருந்தது?

கோபுரத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். கோபுரத்தை விட்டு உள்ளே நடங்கள். சிற்பம் குறைந்துகொண்டே போகும், வெளிச்சமும் குறையும், கடைசியில் கருவறையில் மூலவரைச் சுற்றி வெறும் சுவரும் ஒரு விளக்கும் மட்டும். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும் இடத்தில் திருமேனி எதுவும் இல்லை, தங்க வில்வ மாலை மட்டும் தொங்குகிறது. சிவன் ஆடும் இடங்களாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் பொற்சபை அங்கே. தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில், சித்திர சபை குற்றாலத்தில். ஐந்தில் இரண்டு நம் சீமையில் இருக்க, வெளி நமக்கு அயல் என்று எப்படிச் சொல்வது?

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே கல்லிலிருந்து மெல்லிய தூண்களைப் பிரித்துச் செதுக்கியிருக்கிறார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால்தான் ஒவ்வொன்றும் தனியாக அதிர்கிறது. முழுக்கல்லாக விட்டிருந்தால் எத்தனை தட்டினாலும் கல் சத்தம்தான் வரும்.

கழுகுமலைக்கும் ஒரு முறை போய் வாருங்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம். பழைய நெல்லைச் சீமைதான். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலில் ஒரு கல்கூட அடுக்கப்படவில்லை. மலையைச் சுற்றி வெட்டி எடுத்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி நீங்கள் நடந்துவரும் அந்தப் பள்ளம் முழுக்க ஒரு காலத்தில் பாறை. அதை அகற்றியதால்தான் கோயில் வெளியே வந்தது. கீழ்ப்பகுதி முடியாமலே நிற்கிறது. முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பலரும் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். பாறையிலிருந்து கோயில் பிரியும் அந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பது எனக்குப் போதும்.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளையும் மறக்கக் கூடாது. ஆனித் திருவிழாவில் தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக ஊரே விட்டுவைத்த அகலம் அது. தேர் ஓடாத நாட்களில் அது வியாபாரத்துக்கும் நடைக்கும் ஆகிறது.

ஜப்பானியர்கள் இதைப் பெரிய கலையாக வளர்த்திருக்கிறார்களே?

ஆமாம், மரியாதையோடு கற்றுக்கொள்ள வேண்டியது. அவர்கள் இடைவெளியை ‘மா’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கான எழுத்தில் ஒரு வாயில் இருக்கிறது, வாயிலின் நடுவே சூரியன் இருக்கிறது. பழைய வடிவத்தில் நிலா. கதவிடுக்கில் தெரியும் ஒளி என்று வைத்துக்கொள்ளலாம். இசே என்ற ஊரின் ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள். பிரித்த மனை கூழாங்கல் பரப்பி அடுத்த முறைக்காகக் காலியாகக் காத்திருக்கிறது. கோயிலுக்குச் சமமான மரியாதை அந்தக் காலி மனைக்கும் உண்டு.

ஆனால் ஜப்பானியத் தோட்டத்தைப் படத்தில் பார்த்துவிட்டு முற்றத்தில் வெள்ளைச் சரளை கொட்டித் தரச் சொல்கிறவர்களிடம் நான் மறுத்துவிடுவேன். நம் வெயிலுக்குக் கண் கூசும், சூடும் ஏறும். செம்மண் ஓடு பதியுங்கள், காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுங்கள்.

வாஸ்துப்படி நடுவில் பள்ளம் கூடாது என்கிறார்களே?

எண்பத்தொரு கட்டமாக மனையைப் பிரிக்கும் முறையில் நடு ஒன்பது கட்டம் பிரம்மனுக்கு உரியது. அதில் தூணோ சுவரோ வரக் கூடாது என்பதே மரபு. அதாவது வாஸ்து நூலே வெளிக்குத்தான் இடம் ஒதுக்குகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் இதைக் காட்டியே முற்றம் கேட்கலாம். தண்ணீர் நிற்கும் பள்ளத்தை நானும் விரும்ப மாட்டேன். அது வடிகால் பிரச்சினை.

மழை உள்ளே கொட்டுமே? 2023 வெள்ளத்துக்குப் பிறகுமா முற்றம்?

பயம் நியாயமானது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழை 80 சதுர அடி முற்றத்தில் பெய்தால் ஏறத்தாழ 7,000 லிட்டர். பெரிய எண்தான், ஆனால் ஒரு நாள் முழுக்கப் பரவி வருவது. நான்கு அங்குலக் குழாய் அடைக்காமல் இருந்தால் தாராளமாகப் போய்விடும். அடைப்பதுதான் பிரச்சினை. அதனால் எப்போதும் இரண்டு வழி வைக்கிறேன்: தரையோடு ஒன்று, அதற்கு நாலு அங்குலம் மேலே இன்னொன்று. முற்றத்தின் தரை சுற்றுத் தரையைவிட ஓர் அடி தாழ்ந்திருக்க வேண்டும். ரோம் நகரத்தில் பாந்தியன் என்ற கட்டடம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக உச்சியில் எட்டு மீட்டருக்கு மேல் அகலமான திறப்போடு நிற்கிறது. மழை உள்ளே விழுகிறது. தரையை லேசாக வளைத்து, துளை வைத்து வடித்துவிடுகிறார்கள்.

வெள்ளத்தில் வீடுகள் மூழ்கியதற்கு முற்றம் காரணமில்லை. தண்ணீருக்கென்று விட்டிருந்த ஓடைப் புறம்போக்கையும் குளத்துக் கரையையும் நாம் நிரப்பியதுதான் காரணங்களில் ஒன்று. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. பெருவெள்ளத்தில் மூழ்குகிறது, வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடங்குகிறார்கள். ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் அதை உள்ளே விட்டு வெளியே அனுப்பிவிடுகிற கட்டடம்.

சுவருக்குள்ளேயும் இடம் விடலாமா?

விடலாம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு பரப்பினார். செங்கல் கால் பங்கு வரை மிச்சமாகும், அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை மெதுவாக்கும். கொத்தனாருக்குப் பழக்கம் வேண்டும். முதல் இரண்டு வரிசையை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்ன செய்வது?

பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடாதீர்கள். ஹாலில் ஒரு மூலையை, ஒரு பாய் அகலத்துக்காவது, எதுவும் வைக்காமல் விடுங்கள்.

பழைய வீட்டின் முற்றத்தை மூடிவிட்டோம். திரும்பத் திறக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மூடிய கான்கிரீட் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் அறை எழும்பியிருக்கிறதா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் அதிரும் இயந்திரத்தை வைக்காதீர்கள். அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், டவுனில் ஒரு வீட்டின் முற்றத்தை மூடுவதற்கு நானே படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், நானும் யோசிக்கவில்லை. அந்த வீட்டு ஆச்சி முற்றத்து விளிம்பில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்கிறவர். மூடிய பிறகு அவர் கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு தெருப்படிக்குப் போய்விட்டார், பகலிலேயே பட்டாசலில் விளக்கு எரிய ஆரம்பித்தது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் என்னிடம் வந்து அதைத் திறந்து கொடுக்கச் சொன்னார். ஆச்சி அப்போது இல்லை.

கான்கிரீட்டை அறுத்து இறக்க நான்கு நாட்கள் ஆயின. எனக்கு இருந்த கவலை வடிகாலைப் பற்றித்தான். புதிதாகத் தோண்டினால் பட்டாசல் தரை முழுக்கப் பெயர்க்க வேண்டும். டைல்ஸைப் பெயர்த்து, நிரப்பியிருந்த மண்ணை அள்ளியபோது அடியில் பழைய கல் தரை அப்படியே இருந்தது, வடகிழக்கு மூலையில் கையகலத் துளையோடு. கொத்தனாருக்கு உதவியாக வந்த நிமிந்தாள் அதற்குள் கையை விட்டுச் சாந்துக் கட்டியை எடுத்தார். பேரன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடினார். தண்ணீர் அவருக்கு முன்னால் தெருவோர வாறுகாலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திறக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்தத் துளையைத் தேடுங்கள். தரையின் சரிவு எந்த மூலைக்குப் போகிறதோ அங்கேதான் இருக்கும்.